அம்மா அவசரப்பட்டு வெட்டவில்லை

நம் சொந்தத்தில் அம்மாவைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கிற கதை ஒன்று உண்டு. ஏழெட்டு வருடம் வளர்த்த ஆர்க்கிட் செடியை, பூக்கப் போகிற நேரத்தில் அவசரப்பட்டு வெட்டிய கதை. கல்யாண வீட்டில் அம்மா காய் நறுக்க உட்கார்ந்தால், "அவங்க கையில கத்தியக் குடுக்காதீங்கப்பா" என்று கேலி செய்யாதவர் நம்மில் யார்? அம்மாவும் சேர்ந்து சிரிப்பார். அந்தக் கதை பொய். அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிற இன்று அதைச் சொல்லிவிடவே எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது ஏற்காட்டில். அவருடைய தந்தையார் காப்பித் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. படிப்பு எட்டாவதோடு நின்றது. கல்யாணமாகித் தியாகராய நகருக்கு வந்தபோது, சீர்ப் பாத்திரங்களோடு மரக்கட்டையில் வேர் பற்றிய ஆர்க்கிட் செடி ஒன்றும் வந்து இறங்கியது. மண்ணே இல்லாமல் என்ன செடி என்று தெருவே வந்து பார்த்ததாம்.

நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, அறுபதுகளின் கடைசியில், இரண்டு செடிகளைச் சேர்த்துப் புதுப் பூ உண்டாக்கிப் பார்க்கும் துணிச்சல் அம்மாவுக்கு வந்தது. மலைச்செடியின் மஞ்சள் பூவிலிருந்து மகரந்தத்தைக் கொண்டை ஊசி முனையால் எடுத்து, அடையாற்றில் சாய்ந்து கிடந்த மரத்திலிருந்து கொண்டுவந்த செடியின், உதடு போன்ற நடு இதழ் நீலமாயிருந்த பூவில் வைத்தார். காய் முற்ற ஏறக்குறைய ஒரு வருடம். விதையோ மாவு போல இருக்கும். குளுக்கோஸ் பாட்டில்களில் கடற்பாசியும் சர்க்கரையும் இளநீரும் காய்ச்சி ஊற்றி, குக்கரில் வேகவைத்து, ஆறியபின் மூச்சைப் பிடித்துக்கொண்டு விதைத்தார். அந்த வாரம் எங்களுக்குச் சோறு வெண்கலப் பானையில்தான். ஒரே ஒரு பாட்டில் தவிர மற்றவையெல்லாம் பூசணம் பூத்தன. அந்த ஒன்றில் முளைத்த நாற்றுகளிலும் ஒன்றே ஒன்றுதான் பிழைத்தது.

எங்கள் கிணற்றுத் தண்ணீரின் உப்பு அதற்கு ஆகாது. அதனால் அப்பா தினமும் ஆபீஸ் குழாயில் ஒரு கேன் தண்ணீர் பிடித்து, மின்சார ரயிலில் வந்து, மாம்பலம் ஸ்டேஷன் கூட்டத்தில் இடிபட்டு, மூன்று மாடி ஏறுவார். "இன்னா சார், ஊட்ல தண்ணி வர்லியா?" என்று கேட்பவர்களிடம், "வீட்டுக்கு வருது, செடிக்குத்தான் ஒத்துக்கல" என்பார். அவருக்கு நெஞ்சு வலி வந்து டாக்டர் மாடி ஏறக் கூடாது என்ற பிறகும் கேனை விடவில்லை. "இந்தப் பூவ ஒருதரம் பாத்துடணும்" என்பார். அம்மா வேகமாக உள்ளே போய்விடுவார்.

எழுபதுகளின் பின்பாதியில், ஓர் ஐப்பசியில், செடி ஐந்து மொட்டு விட்டது. அதே வாரம் எனக்கு நிச்சயதார்த்தம். சாமான் அறையில் வாழைத்தார் புகைமூட்டத்தில் பழுத்துக்கொண்டிருந்தது. அம்மா எங்களுக்குப் போட்ட சட்டம் இரண்டே: செடியை யாரும் தொடக் கூடாது, பழுக்கிற பழத்தின் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது, மொட்டு உதிர்ந்துவிடும்.

அம்மாவும் அப்பாவும் மயிலாப்பூருக்கு அழைக்கப் போன அன்று மழை பிடித்துக்கொண்டது. தெருவெல்லாம் தண்ணீர். அவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். மாடியில் காற்று தொட்டியைப் புரட்டிவிடும் போல இருந்தது. தூக்கிக்கொண்டு ஓடினேன். கண்ணில் பட்டது சாமான் அறைதான். வைத்துக் கதவைச் சாத்தினேன். காலையில் கதவைத் திறந்ததும் புகை முகத்தில் அடித்தது. அப்போதுதான் உறைத்தது. அவர்கள் வருவதற்குள் செடியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டேன்.

மறுநாள் ஒரு மொட்டு மஞ்சளித்து விழுந்தது. அடுத்த நாள் இரண்டு. அம்மா வேரைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"மழத்தண்ணி உள்ள எறங்கி அழுகுதோ என்னமோ. அழுகல்னா மேல ஏறுறதுக்குள்ள வெட்டணும், இல்லன்னா முழுசும் போயிடும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "கண்ணு, நீ செடிய நகர்த்துனியா?" என்று கேட்டார்.

"இல்லம்மா."

நான் வாயாடி என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குப் பார்த்து உண்மை மட்டும் வாயில் வரவில்லை. நிச்சயத்துக்கு இரண்டே நாள். அப்பாவின் கேன் மாடிப்படியோரம் இருந்தது. அதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அம்மா அன்று வெட்டவில்லை. ஒரு பகல், ஓர் இரவு பொறுத்தார். மறுநாள் சாயங்காலம் கத்தியை அடுப்பில் காட்டிக்கொண்டே மறுபடி கேட்டார். "நல்லா யோசிச்சுச் சொல்லு. பழத்துக்கிட்ட போகலையே?"

"இல்லம்மா."

அடித்தண்டை வேர்களோடு வெட்டினார். வெட்டிய இடம் பச்சையாக, சுத்தமாக இருந்தது. அழுகலே இல்லை. அம்மா அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

படியில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா வெட்டுவாயில் மஞ்சள் தூளை அப்பியபடி, "கண்ணத் தொடச்சுக்க. வாயத் தெறக்காத" என்றார். அப்பா கேனோடு வந்து நின்றார்.

"நான்தாங்க அவசரப்பட்டு வெட்டிட்டேன்."

அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. கேனை இறக்கி வைத்தார். "விடு. அடுத்த வருசம் பூக்காமயா போயிடும்?" என்றார்.

மிச்ச மொட்டுகளும் உதிர்ந்தன. அடுத்த ஐப்பசிக்கு அப்பா இல்லை. வெட்டிய செடியின் மேல்பாதி மறுபடி வேர் விட்டுப் பூக்க நான்கு வருடம் ஆயிற்று. மஞ்சள் இதழ், நீல உதடு. முதல் பூ அப்பாவின் படத்துக்குப் போனது. படம் மாட்டியிருந்த அறைக்குள் நான் போகவில்லை.

உங்கள் எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று எத்தனையோ முறை அம்மாவிடம் மன்றாடியிருக்கிறேன். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியிலும் கேட்டேன். "நான் இருக்கற வரைக்கும் வேணாம் கண்ணு. அப்புறம் உன் இஷ்டம்" என்றார்.

அம்மாவைக் கடைசிவரை கவனித்த மருத்துவருக்கும் செவிலியருக்கும், மாறி மாறித் துணையிருந்த மாடிவீட்டுக்காரர்களுக்கும், இறுதிச் சடங்கில் தோள்கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தச் செடியின் பக்கக் கன்றுகளை வாங்கிப்போய் வளர்க்கும் வீட்டாருக்குத் தனி நன்றி. அது பூக்கும்போது பழைய கதையைச் சொல்லாதீர்கள். இதைச் சொல்லுங்கள். அம்மா இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் நான் இல்லை என்றேன்.