பிள்ளைகளை எழுப்பாத டீச்சர்

அந்த டீச்சரின் கை முறிந்த சத்தம் விசைத்தறிகளின் இரைச்சலையும் மீறி எனக்குக் கேட்டது. முருங்கைக் கிளை முறிவதைப் போல.

எழுபதுகளின் கடைசி. அரக்கோணத்தில் மூட்டை தூக்கி, லாரியில் கிளீனராக அலைந்து, திருத்தணியில் ஒரு அதிகாரி அம்மாவுக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். பால்வாடிகளுக்குச் சொல்லாமல் போய் நின்று, டீச்சர்களின் வேலையை எடைபோடுவது அந்த அம்மாவின் பொறுப்பு. பிள்ளைகள் பாட வேண்டும், விரல் விட்டு எண்ண வேண்டும். பாடாத பால்வாடியின் டீச்சருக்கு வேலை போய்விடும்.

ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஒரு நெசவாளர் தெருவுக்குப் போனோம். முற்பகல் வேளை. பிள்ளைகள் அத்தனை பேரும் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"இது பால்வாடியா, சத்திரமா? எழுப்பும்மா, பாடச் சொல்லு."

"கோழி கூவறதுக்கு மின்னாடியே ராட்டையில உக்காந்ததுங்கம்மா. இப்பதான் கண்ண மூடிச்சுங்க. என்னை வேணா வேலைய வுட்டுத் தூக்கிடுங்க, எழுப்ப மாட்டேன்."

தறிக்கு நூல் சுற்றித் தருவது அந்தத் தெருவில் பிள்ளைகளின் வேலை. அதிகாரி அம்மா முகம் சிவந்து வாயைத் திறப்பதற்குள், சவுக்குக் கட்டையோடு ஒருவன் உள்ளே வந்தான்.

"எந்திரிடி! நூலு இல்லாம தறி நின்னுகினு கீது, மகாராணி தூங்கிகினு கீறா!"

தூங்கிய தன் மகளின் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினான். டீச்சர் குறுக்கே பாய்ந்து கையை நீட்டினார். கட்டை அந்தக் கையில்தான் இறங்கியது. மறுபடியும் ஓங்கினான். வாசலில் ஜீப்போடு நின்ற நான் ஜாக்கி ராடை உருவிக்கொண்டு பாய்ந்து அவன் முழங்காலில் போட்டேன். இரண்டாவது அடி வாயில். பல்லோடு ரத்தம் துப்பினான். அதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

இத்தனை கூச்சலிலும் மற்றப் பிள்ளைகள் புரண்டுகூடப் படுக்கவில்லை. சண்டை என்று கேட்டு ஆண்கள் தறிகளை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்கள். தெரு அடங்கியது. அந்த அமைதியில்தான் பிள்ளைகள் எல்லாம் ஒன்றாக விழித்தார்கள். ஒருவரும் அழவில்லை. சுவரோடு ஒட்டி உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டார்கள்.

"தறி நின்னா அடி வுழும்மா," என்றார் டீச்சர், தொங்கிய கையைப் பிடித்துக்கொண்டு. "அதுக்குதான் முழிச்சிக்குதுங்க."

அவன் மகள் மறுநாளே ராட்டைக்குத் திரும்பியிருப்பாள். சமீபத்தில் அவ்வழியே பஸ்ஸில் போனேன். பால்வாடிச் சுவரில் யானையும் அணிலும் வரைந்திருக்கிறார்கள். உள்ளே பிள்ளைகள் பலமாகப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

அன்று டீச்சரை ஜீப்பில் ஏற்றித் திருத்தணி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் பல்லைக் கடித்தார். பாதி வழியில், "வேல இருக்குமாங்கம்மா?" என்று கேட்டார்.

திருத்தணி மலை கண்ணில் பட்டபோது அதிகாரி அம்மா டீச்சர் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: "கை சேர்ற வரைக்கும் வேற ஆள் அனுப்புறேன். வர்றவகிட்ட நீயே சொல்லிடு, பசங்கள எழுப்பக் கூடாதுன்னு."