என்னைக் காகிதத்தில் கொன்ற எஸ்தர் டீச்சர்

எஸ்தர் டீச்சர் போய்விட்டார் என்று மகள் செல்வி மதுரையிலிருந்து போனில் சொன்னபோது, நான் தாண்டிக்குடியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. எழுத வேண்டிய ஒரு வரியை எழுதாமலே போய்விட்டாரே என்றுதான் தோன்றியது. டீச்சரின் பள்ளியில் படித்தவர்களே, உங்களுக்குச் சோறு பொங்கிப்போட்ட பாக்கியம் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் திருத்துங்கள்; சங்கதியில் கை வைக்காதீர்கள்.

பள்ளி தொடங்கின கதை உங்களில் பலருக்குத் தெரியாது. காப்பித் தோட்டத்தில் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த பிள்ளைகளை டீச்சர்தான் வீடு வீடாய் வந்து கூப்பிட்டார். நான் புருஷனை இழந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. “புள்ளையை எங்கிட்ட விடு. நீயும் வா, அடுப்படியைப் பாத்துக்க” என்றார். டென்மார்க்கில் ஒரு குழு கட்டடத்துக்கும் சாப்பாட்டுக்கும் பொறுப்பேற்றது. தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்பது அவர்கள் விதி. அது எனக்கு அப்போது தெரியாது.

அந்தக் குழு முதல்முறை வந்த அன்று, பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டு போனேன். வெள்ளைக்கார அம்மா ஒருவர் செல்வியின் தலையைத் தடவி ஏதோ சொன்னார். கூட வந்தவர் அதைத் தமிழில் சொன்னார்: “உங்க அம்மா சாமிகிட்ட பத்திரமா இருக்காங்களாம், பாப்பா.” ஏழு வயதுப் பிள்ளை அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தது. கரண்டியைச் சாம்பார் வாளிக்குள் போட்டேன்.

டீச்சரை ஸ்டோர் ரூமுக்குள் இழுத்துப் போனேன்.

“நான் என்னைக்குங்க டீச்சர் செத்தேன்? எனக்கே தெரியாம என் பொணத்தை எடுத்துட்டீங்களே!”

“காகிதத்துலதான், பாக்கியம். மெதுவாப் பேசு.”

“கருமாதிச் சோறும் நானே ஆக்கணுமாக்கும்?”

டீச்சர் சிரிக்கவில்லை. “ஒன்னை மாதிரி இன்னும் நாலு தாயை எழுதியிருக்கேன். ஜீப் இன்னும் கெளம்பல. போய்ச் சொல்லு. நாளைக்கு வெள்ளனே அஞ்சு புள்ளையும் காப்பிக்காட்டுல நிக்கும்.”

கதவைத் திறந்தே விட்டார். நான் சொல்லப் போகவில்லை. மோர் ஊற்ற ஆளில்லை என்று கூப்பிட்டார்கள், அதற்குத்தான் போனேன்.

அன்றிலிருந்து குழு வரும் நாட்களில் செல்வி என்னைச் ‘சமையலக்கா’ என்று கூப்பிட வேண்டும். அவர்கள் ஜீப் வளைவைத் தாண்டியதும் டீச்சர் அவளை அடுப்படிக்கு அனுப்புவார்: “போ, பத்துத் தடவை அம்மான்னு கூப்பிட்டுட்டு வா.” பிள்ளை வாசற்படியில் நின்று விரலை மடக்கி மடக்கிக் கூப்பிடுவாள். டீச்சர் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருப்பார். பத்தும் முடிந்தால்தான் நகர்வார். அவர் என்னிடம் கேட்ட மன்னிப்பு அவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் செல்வி ஆறோடு நிறுத்தி, “வீட்டுப்பாடம் கெடக்கு” என்று போய்விட்டாள். டீச்சர் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. அந்த நாலுக்காக நான் டீச்சரோடு ஒரு மாதம் பேசவில்லை.

பிறகு அந்த விதி மாறிவிட்டது. தாய் உள்ள பிள்ளைகளும் சேர்ந்தார்கள். “இப்பயாச்சும் என்னை உயிரோட எழுதுங்க” என்று கேட்டேன்.

“எழுதுனா பழைய பொய் வெளிய வரும். பொறு, நான் கண்ணை மூடுறதுக்குள்ள மாத்திடறேன்.”

மாற்றவில்லை. பள்ளிப் பதிவேட்டில் இன்றும் நான் செத்தவள். அதை நான் மன்னிக்கவில்லை. செல்வி நர்ஸாகி, எனக்குப் பேத்தியும் வந்துவிட்டாள் என்றால் அது டீச்சரால்தான். அதையும் மறைக்கவில்லை.

பள்ளியில் டீச்சருக்கு வைத்த முப்பதாம் நாள் ஜெபக் கூட்டத்துக்கு அந்த வெள்ளைக்கார அம்மா தடி ஊன்றி வந்திருந்தார். என்னைக் கைகாட்டி, யார் என்று செல்வியிடம் கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை. இங்கிலீஷில்தான் சொன்னாள், ஆனால் ‘குக்’ என்ற சொல் எனக்குத் தெரியும். சொன்ன பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள். திருத்தவில்லை.

டீச்சரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தப் பத்துக் குரல்தான். கூட்டம் கலைந்தது. அந்த அம்மாவின் கார் வளைவைத் தாண்டிப் போனது. நான் அடுப்படிக்குள் போய் நின்று வாசற்படியைப் பார்த்தேன். செல்வியை அனுப்ப ஆளில்லை.