தொட்டும் சுருங்காத கடல் முயல்

திருநெல்வேலி பேருந்து நிலையம். மணப்பாட்டுக் கடற்கரையிலிருந்து பஸ்ஸில் வந்ததில் இடுப்பு கழன்றுவிட்டது. என் நரம்பியல் ஆய்வுக்கான கடல் முயல், ஓடில்லாத பெரிய நத்தை மாதிரி, வாளித் தண்ணீரில் கிடக்கிறது. தன் சீட்டருகே வைத்துப் பார்த்துக்கொண்ட கண்டக்டரே இறக்கித் தருகிறார்.

"கொழம்பு வைக்கலாமா சார்?"

"விஷம் அண்ணாச்சி."

"பொறவு எதுக்குக் கொண்டு போறிய?"

"தொட்டா சுருங்கும். தொட்டுக்கிட்டே இருந்தா பழகி, சுருங்காது. அந்த ஞாபகம் எப்படிப் பதியுதுன்னு பாக்கணும். அதுக்கு, யாரும் தொடாத உயிர் வேணும்."

அவர் முகம் வாடுகிறது. "உசிரோட கெடக்கான்னு ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு தொட்டுல்லா பாத்தேன்."

விரல் வைக்கிறேன். சுருங்கவில்லை. வேறொன்று பிடிக்க வேண்டும்.

"மணப்பாட்டுக்கு அடுத்த வண்டி?"

"இதேதான் சார். டீ குடிச்சிட்டு ஏறுங்க."