பொன்னுத்தாயின் பங்கு

1957 ஐப்பசியில் மூன்று வயதுப் பொன்னுத்தாய்க்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் இறங்கியபோது வலது கால் துவண்டு கிடந்தது. இளம்பிள்ளை வாதம் என்று சொல்லிவிட்டார் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்.

அதற்குப் பிறகு மலைக்கோட்டைக்குக் கீழே அந்தச் சந்து வீட்டில் ஆள் வராத நாளில்லை. வந்தவர்களை உள்ளே கூட்டிப்போய், பிள்ளையின் பாவாடையை முழங்காலுக்கு மேலே தூக்கிக் காட்டுவாள் ராக்கம்மாள். அவர்கள் நாக்கால் 'ச்சு' கொட்டிவிட்டுக் காப்பி குடித்துப் போவார்கள். பெற்றவள் சந்திரம்மாளுக்கு அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வரும்.

ராக்கம்மாள் அவளுடைய நாத்தனார். இளவயதிலேயே தாலியறுத்து வந்து, தாயில்லாத தம்பி ரத்தினவேலை வளர்த்து ஆளாக்கியவள். அடுப்படியும் சாவிக்கொத்தும் அவள் கையில்தான். ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கும் ரத்தினவேல், அக்காள் கிழித்த கோட்டைத் தாண்டமாட்டான்.

ஆஸ்பத்திரியில் காலுக்கு எக்சர்சைஸ் கொடுக்க ஒரு தனி அறை இருந்தது. துறையூர்ப் பக்கத்துக் காட்டில் களையெடுத்த கையோடு கட்டிக்கொடுக்கப்பட்ட சந்திரம்மாளுக்கு அந்த அறை பிடித்துப்போயிற்று. அங்கே யாரும் 'ச்சு' கொட்டவில்லை. நர்ஸ் சாரா பீவி வெந்நீரில் பிழிந்த கம்பளித்துணியைக் காலில் சுற்றி, பிறகு மெல்ல மடக்கி நீட்டுவார். பிள்ளை வீறிட்டு அழும். வீட்டிலும் விடாமல் செய்யச் சொல்லி சந்திரம்மாளின் கையைப் பிடித்தே பழக்கிவிட்டார்.

"கால மட்டும் புடிச்சிவிட்டாப் பத்தாதும்மா. உள்ள போனாத்தான் சதை வைக்கும். பால், முட்டை, பருப்பு, கீரை, எதையும் விட்டுடாதீங்க."

சந்திரம்மாள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். ஆனால் பொன்னுத்தாயின் டம்ளரில் இருந்தது பாலா, அரிசி கழுவிய தண்ணீரா என்று தெரியவில்லை. திக்கான பாலெல்லாம் 'ச்சு' கொட்ட வந்தவர்களின் காப்பிக்குப் போயிற்று. கேட்டதற்கு, நடக்காத காலுக்குப் பால் ஊத்துறதும் காவேரியில ஊத்துறதும் ஒண்ணுதான் என்றாள் ராக்கம்மாள்.

அதைவிடக் கேவலம் முட்டை. பிள்ளைக்கென்று அவித்து வைத்த முட்டையை ராக்கம்மாள் எடுத்துத் தம்பியின் இலையில் வைத்தாள். சம்பாதிக்கிற உடம்பாம். அது யாருடைய முட்டை என்று அவனுக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு தின்றான். அவன் வாய் அசைவதைப் பார்க்கச் சகிக்காமல் சந்திரம்மாள் கொல்லைப்பக்கம் போய் நின்றாள். கட்டின புருஷனைப் பார்த்து வாந்தி வருமென்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

மறு வருஷம் இரும்புக் கம்பி வைத்த பூட்ஸ் வந்தது. அதைப் போட்டுக்கொண்டு சுவரைப் பிடித்தபடி பொன்னுத்தாய் நின்றாள்.

பங்குனியில் ஒருநாள் சந்திரம்மாள் ரேஷனுக்குப் போய்த் திரும்பினால் வீட்டில் பிள்ளை இல்லை. பூட்ஸ் மட்டும் மூலையில் கிடந்தது. மலைவாசல் பக்கம் போய்ப் பாருங்க என்றாள் எதிர்வீட்டுக்காரி.

அங்கே ராக்கம்மாள் மஞ்சள் சேலையில் மடியேந்தி உட்கார்ந்திருந்தாள். சமயபுரத்தாளுக்கு வேண்டுதலாம், மடிப்பிச்சை. வேண்டுதலை சந்திரம்மாள் குறை சொல்லமாட்டாள். அவளும் மாரியைக் கும்பிடுகிறவள்தான். ஆனால் பக்கத்தில் துண்டு விரித்துப் பிள்ளையை உட்கார வைத்து, சூம்பின காலைத் தெருப் பார்க்க நீட்டி வைத்திருந்தாள். போகிற வருகிறவர்கள் அந்தக் காலைப் பார்த்துத்தான் காசு போட்டார்கள். ராக்கம்மாள் கண்ணில் தாரைதாரையாக நீர். மெய்யான அழுகைதான். அதுதான் சந்திரம்மாளுக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

சந்திரம்மாள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போய் பூட்ஸை மாட்டிவிட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த ரத்தினவேலிடம் மட்டும் பேசினாள்.

"நான் திருவானைக்காவல்ல குடிபோறேன். வர்றதுன்னா வாங்க. வந்தா எம்பிள்ளை தட்டுல இருக்கறத தொடக்கூடாது."

அவன் உடனே வரவில்லை. சந்திரம்மாள் ஒரு அரிசி மில்லில் நெல் அவித்துக் காயப்போடும் வேலைக்குப் போனாள். வாடகை அறையில் முருங்கைக்கீரையும் கேழ்வரகும் பாசிப்பருப்பும் வெந்தன. பாலைப் பிள்ளையின் கண்ணெதிரே கறந்து வாங்கினாள். விடிந்ததும் கால் மடக்கி நீட்டுவது, பிறகுதான் மற்றதெல்லாம். ஆடியில் ரத்தினவேல் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து வாசலில் நின்றான். உள்ளே வரச் சொன்னாள். முட்டையைப் பற்றி இருவரும் பேசவேயில்லை.

பொன்னுத்தாயின் கால் முழுசாகத் திரும்பவில்லை. விந்தி விந்திதான் நடந்தாள். ஆனால் தானாக நடந்தாள், பஸ் ஏறி ஸ்ரீரங்கத்து ஸ்கூலுக்குப் போனாள், அடி கொடுத்தவளுக்குத் திருப்பிக் கொடுத்தாள்.

எல்லாம் தான் எடுத்த பிச்சையின் புண்ணியம் என்று ராக்கம்மாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அது காதில் விழும்போதெல்லாம் சந்திரம்மாள் காறித் துப்பினாள்.

1966இல் ராக்கம்மாள் செத்துப்போனாள். சந்திரம்மாள் சாவு வீட்டுக்குப் போனாள், செய்ய வேண்டியதையெல்லாம் குறைவில்லாமல் செய்தாள். தம்பி பெண்டாட்டிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லையே என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். பிணத்தருகே உட்கார்ந்து மனசுக்குள் தேடிப் பார்த்தாள். துக்கம் வரவில்லை, அந்தக் குமட்டல்தான் இன்னும் இருந்தது. தலை முழுகிவிட்டு, ஈரச்சேலையோடு பஸ் ஏறினாள்.