நத்தை இல்லாத பீலி

எழுபதுகளில் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு மலையூற்றுத் தண்ணீர்தான். தொட்டியில் விழுந்து, பீலி வழியாகக் குடத்துக்கு வரும். தொட்டிச் சுவரெங்கும் பாசியும் கறுப்பு நத்தைகளும் அப்பிக் கிடக்கும். தலைப்பிரட்டைகளுக்குப் பயந்து துணி கட்டித்தான் தண்ணீர் பிடிப்போம். ஒரு மழைக்காலத்தில் அத்தனையும் ஒரே வாரத்தில் காணாமல் போயின.

"மாரியாத்தா தொட்டிய கழுவி விட்டுட்டா" என்றாள் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி. நானும் கும்பிட்டேன், புத்தி கெட்டவள்.

என் மகனுக்கு அப்போது எட்டு மாதம். எனக்குப் பால் வற்றிவிட்டதால் மாப்பாலை அந்தத் தண்ணீரில்தான் கரைத்துக் கொடுத்தேன். குடித்ததையெல்லாம் கக்கினான். கண் பட்டுவிட்டதென்று மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டேன். பிள்ளை கக்குவது நிற்கவில்லை.

சாயங்காலத் தவளைச் சத்தமும் நின்றுவிட்டது. மூடுபனிக்குள் தண்ணீர் விழும் சத்தம் மட்டும்தான். குடத்தோடு அங்கே நிற்கவே எனக்குப் பயமாக இருந்தது.

குடிக்கிற தொட்டியில் மீன் விடுவது எங்கள் வழக்கம், கொசுப்புழுவைத் தின்னும். தொட்டி வெறிச்சென்று கிடக்கிறதே என்று வேறொரு ஓடையிலிருந்து நாலு மீன் கொண்டுவந்து விட்டேன். மறுநாள் காலை நாலும் வயிறு மேலாக மிதந்தன.

என் வீட்டுக்காரர் அந்த மாதம் தேயிலைக்கு மருந்தடித்தார். கொழுந்தில் கொப்புளம் விழாமலிருக்க அடிக்கிற செம்பு மருந்து. அவர் சட்டையெல்லாம் நீலம்.

"மருந்து டேங்க எங்கங்க கழுவுறீங்க?"

"மேல, ஊத்துக்கிட்ட. அங்கதான நல்ல தண்ணி" என்றவர், என் கையிலிருந்த செத்த மீன்களைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இனிமே நம்ம பீலிக்குக் கீழ போய்க் கழுவுங்க" என்றேன். வேறு ஊற்றிலிருந்து தண்ணீர் சுமந்தேன். மகன் தேறினான். தொட்டியில் ஒரு நத்தையைக் கண்ட அன்று அழுதேவிட்டேன்.

அடுத்த வாரம், வேலை நேரத்தில் பிள்ளைகளை விடும் பிள்ளைக்காம்பராவில் கீழ்லயத்துப் பெண் ஒருத்தி, மடியில் பிள்ளையோடு என்னிடம் சொன்னாள்:

"எங்க பீலித் தண்ணி இப்ப கண்ணாடிதான் அக்கா. ஒரு நத்தகூட இல்ல. எல்லாம் ஆத்தா புண்ணியம்."

பிள்ளையின் வாயில் பால்போத்தல் இருந்தது. அதைப் பிடுங்கி வாசலில் கொட்டினேன். ஏன் என்று கேட்டாள். மருந்து டேங்கைக் கீழே கழுவச் சொன்னது நான்தான் என்று அவளிடம் சொன்னேன்.