ஊர் பேருக்கு இடம்

டவுன் பஸ்ஸுக்கு நிற்கிறேன். நிழற்குடைச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். அந்த வாசனையில் எனக்கு மறுபடி எட்டு வயதாகிவிட்டது.

அப்போது எங்கள் ஊர் சேவைச் சங்கத்துக்கு அப்பாதான் செயலாளர். பிரியாணி விருந்து நடத்திச் சேர்த்த பணத்தில்தான் இந்த நிழற்குடையைக் கட்டினார்கள். டோக்கன் வாங்கிய எல்லார் பெயரும் சுவரில் வரும் என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அப்படியே எழுதினார்கள். உச்சியில், பெரிய எழுத்தில், அப்பா பெயர்.

திறப்பு விழாவன்று சிறப்பு விருந்தினரின் கார் நிற்காமல் போய்விட்டது. பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டம் என்று நினைத்தாராம்.

"ஊர்ச்சனம் பூராத்தையும் எழுதுனாக, ஊர் பேர விட்டுட்டாகளே" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

காமயகவுண்டன்பட்டி என்பது சின்னப் பெயரா? அதற்கு இடம் விட ஒருவரும் தன் பெயரை அழிக்கச் சம்மதிக்கவில்லை. அப்பாவே ஏணியில் ஏறித் தன் பெயரின் மேல் வெள்ளையடித்து, அந்த இடத்தில் ஊர் பெயரை எழுத வைத்தார்.

இன்று பழைய பெயின்டைச் சுரண்டிய பெயின்டர் தம்பி திரும்பிப் பார்த்தார். "அக்கா, ஊர் பேருக்கு அடியில யாரு பேரோ தெரியுது. அப்படியே விட்டுரவா?"

அப்பா போய் மூன்று வருடமாகிறது.

"வேணாம் தம்பி. ஊர் பேரயே அழுத்தி எழுதுங்க. எங்கப்பா விட்டுக்குடுத்த எடம் அது."