கோணல் பானை

நாளை மகளின் பள்ளியில் ‘பையில்லா நாள்’; புத்தகப் பை கொண்டுபோக வேண்டாம். மனப்பாடத்தை விட்டுவிட்டு, பிள்ளைகள் கையால் செய்து கற்க வேண்டும் என்கிறது தேசியக் கல்விக் கொள்கை. நல்லதுதானே என்று நானும் நினைத்தேன். அவளுடைய நாலாம் வகுப்புக்குக் கொடுத்த வேலை, களிமண்ணில் ஒரு சின்னப் பானை வீட்டிலேயே செய்து கொண்டுவருவது.

சாயங்காலம் அவளையும் கூட்டிக்கொண்டு துடியலூர் ஸ்டேஷனரி கடைக்குப் போனேன். ஒரே பெற்றோர் கூட்டம்.

நான் வாயைத் திறக்கும் முன்பே கடைக்காரர், “பானைக்குத்தானுங்க அம்மணி?” என்று ஒரு தட்டை நீட்டினார். அத்தனையும் ரெடிமேட் பானைகள். எல்லாமே ஒரு பக்கம் கோணல்.

“என்னங்க, இப்படிக் கோணிக்கிட்டு இருக்கு?”

“போன வருசம் நேரா இருந்துச்சுங்க. கடையில வாங்குனதுன்னு மிஸ்ஸுங்க கண்டுபுடிச்சுட்டாங்க. அதான் இந்தத் தடவை கொழந்தை செஞ்சாப்பல கோணலா செய்யச் சொல்லிப்போட்டனுங்க.”

“எனக்குப் பானை வேண்டாங்க. களிமண்தான் வேணும்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“களிமண்ணுங்களா? அதை ஆருங்க கேக்கறாங்க? நாங்க வெக்கறதே இல்லீங்க.”

பின்னால் நின்றவருக்குப் பொறுமை போய்விட்டது. “ஏனுங்க, வாங்கறதுன்னா வாங்குங்க, இல்லீன்னா நவுந்துக்கங்க.”

துடியலூர் பக்கம் களிமண் எங்கே கிடைக்கும்? தெரிந்தவர்கள் இன்றைக்கே சொல்லுங்கள். கோணல் பானை கிடைக்கும் இடத்தை யாரும் சொல்ல வேண்டாம்.